வைப்பருக்கு அடியில்

அவர் கை வைப்பர் வரை போய்விட்டது. அதைத் தூக்கத்தான் மனம் வரவில்லை.

நண்பர் சென்னியப்பனின் ஹெரால்டு கார் அது. வெளிர்நீலம். கண்ணாடியில், வைக்க வந்தவரின் முகமே தெரிந்தது, கையில் ஒரு பிட் நோட்டீஸோடு.

சுற்றிலும் பார்த்தார். கோவையில் ஒரு கல்லூரி மைதானம். பழைய கார்கள் வரிசையாக நிற்க, சொந்தக்காரர்கள் எல்லோரும் பந்தலுக்குள் பொங்கல் தட்டோடு இருந்தார்கள். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

இருந்தும் கை கீழே வந்துவிட்டது.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குணம். பெற்ற பிள்ளையை யாராவது நாலு வார்த்தை திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். வைப்பரைத் தூக்கி நோட்டீஸ் செருகினால் பொறுக்க மாட்டார்கள். அடியில் இருக்கிற தூசி இழுபட்டுக் கண்ணாடியில் கீறல் விழும். அந்தக் கண்ணாடி இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது.

மனை விற்கிறவர்கள், டைல்ஸ் கடைக்காரர்கள், வழுக்கையில் முடி நடுகிறவர்கள். கண்காட்சி என்றால் ஆளாளுக்குக் கட்டுக்கட்டாக அச்சடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். சொந்தக்காரர்கள் இரண்டு விரலால் உருவிக் கசக்கி எறிவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

அவரும் பார்த்ததில்லை.

பழைய கார் சங்கத்தின் போன வருஷக் கூட்டத்தில் மேஜையைத் தட்டிப் பேசியதே அவர்தான். நோட்டீஸ் வைக்கக் கூடாது என்று வாசலில் நிற்கிற போர்டு அவர் எழுதிக் கொடுத்த வாசகம்.

இப்போது அவர் பையில் ஒரு கட்டு.

'ஞாயிறு காலை. மோரிஸ் மைனர். முன்சீட் காலியாக இருக்கிறது. சிறுவாணி ரோட்டில் ஆலாந்துறை வரை போய் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பலாம். வர விருப்பம் உள்ளவர் அழைக்கவும்.'

கீழே போன் நம்பர். பெயர் போடவில்லை. வெட்கமாக இருந்தது.

அச்சகத்துக்காரர் கால் டாக்ஸியா என்று விசாரித்தார். இல்லை என்றதும், அப்படியானால் எதை விற்கிறீர்கள் என்றார். அவர் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

முன்சீட் தெய்வானையுடையது. கல்யாணமானதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவிக்கு அதுதான் இடம். லாரியை முந்தாதீர்கள் என்பாள். முந்தாவிட்டால், ஏன் இப்படி உருட்டுகிறீர்கள் என்பாள். மாசியில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இப்போது லாரியை முந்தினாலும் சரி, முந்தாவிட்டாலும் சரி. யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

தனியாகப் போய்த் தனியாகக் காபி குடித்துவிட்டு வர அவரால் முடியவில்லை. முடியவே இல்லை.

உண்மையைச் சொன்னால் ஒரே ஒரு நோட்டீஸ் போதும். அச்சகத்தில் ஒன்று மட்டும் அடித்துத் தர மாட்டார்கள்.

சென்னியப்பனும் இந்த வருஷம் தனியாகத்தான் வந்திருந்தார். ஹெரால்டின் முன்சீட்டில் ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும் கிடந்தது. அவருடைய மனைவிக்கு ஐப்பசியில் மாலை போட்டுவிட்டு வந்தது நினைவிருக்கிறது. துக்கம் கேட்கப் போன வீட்டில்கூட இருவரும் கார்பரேட்டரைப் பற்றித்தான் பேசினார்கள். வேறு பேசிப் பழக்கமில்லை.

வாயால் கேட்டிருக்கலாம். கேட்க வராது.

வைப்பரைத் தூக்கவும் வராது என்று இப்போது தெரிந்துவிட்டது.

பக்கத்து ஃபியட்டுக்குப் போனார். அதற்கடுத்த லேண்ட்மாஸ்டருக்கும் போனார். பிறத்தியார் வீட்டு அடுக்களையில் நுழைந்தவர்போலக் கூசியது. எல்லா வண்டியையும் தாண்டித் தன்னுடைய மோரிஸ் மைனரிடமே வந்து நின்றார்.

இது அவருடைய கண்ணாடி. கீறினால் கீறட்டும்.

தூசியை ஊதினார். வைப்பரைத் தூக்கி, எழுத்து வெளியே தெரிகிற மாதிரி ஒரு நோட்டீஸைச் செருகினார். பந்தலோரம் போய்க் காபி வாங்கிக்கொண்டு தள்ளி நின்றுகொண்டார்.

ஒரு குடும்பம் காரோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனது. ஒருவர் எட்டி ஸ்டியரிங்கைப் பார்த்தார். காபி ஆறிக்கொண்டிருந்தது.

பந்தலிலிருந்து சென்னியப்பன் வெளியே வந்தார். ஹெரால்டை நோக்கி நடந்தவர் மோரிஸ் மைனரின் முன்னால் நின்றார்.

நோட்டீஸைப் பார்த்துவிட்டார்.

படியுங்கள், படியுங்கள் என்று இவர் உள்ளுக்குள் கெஞ்சினார்.

சென்னியப்பன் அக்கம்பக்கம் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. வைப்பரை நோகாமல் தூக்கி, தாளை உருவி, ஒரே கையில் கசக்கினார். கைக்குட்டையை எடுத்து, அது இருந்த இடத்தை மெல்லத் துடைத்தார். குனிந்து கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு இவரைத் தேடிக்கொண்டு வந்தார்.

"எவனோ உங்க வண்டிக்கும் வெச்சுட்டுப் போயிட்டானுங்க. நீங்க பாத்தா வேதனைப்படுவீங்கன்னு நானே எடுத்துட்டனுங்க."

இவர் நன்றி சொன்னார். மனதாரத்தான் சொன்னார்.

சென்னியப்பன் பக்கத்தில் நின்று கார்பரேட்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். காலையில் அவினாசி ரோட்டில் ஹெரால்டு இரண்டு தடவை நின்றுவிட்டதாம். இவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். கண் மட்டும் அந்த மூடிய கையிலேயே இருந்தது. காகிதத்தின் ஒரு முனை விரல்களுக்கு நடுவே துருத்திக்கொண்டிருந்தது.

பேச்சு தீர்ந்தது.

இங்கே குப்பைத்தொட்டி எங்கே இருக்கிறது என்று சென்னியப்பன் கேட்டார்.

இவர் கையை நீட்டிக் காட்டினார்.