ஒன்பதாம் அறையின் ரிப்போர்ட்

முதியோர் இல்லத்து நர்ஸ், லேப் ரிப்போர்ட்டும் கையுமாக டாக்டருக்கு போன் போட்டாள்.

"டாக்டர், ஒன்பதாம் ரூம் பெரியவருக்கு ரத்தத்துல பொட்டாசியம் ஆறு புள்ளி ரெண்டு, ரொம்ப அதிகம். எழுதிக்கிட்டுத் திருப்பிச் சொல்லுங்க."

"ஆறு புள்ளி ரெண்டு. பொட்டாசியம் சிரப் குடிக்கிறாரா?"

"தலையணைக்கடியில ஒளிச்சு வெச்சுக் குடிக்கிறார். நிறுத்தணும்னு காலையிலயே டியூட்டி டாக்டர் எழுதிட்டார். வாங்கப் போனா அடிக்க வர்றார்."

"இதயமே நின்னுடும்மா! உடனே பிடுங்கு."

"நாங்க சொன்னா அவருக்கு ஏறாது, டாக்டர். அஞ்சு நிமிஷத்துல எல்லாம் மறந்தும் போகுது."

"ஏன், அவர் என்ன பெரிய டாக்டரா? நான் சொன்னேன்னு சொல்லு!"

போன் பட்டென்று வைக்கப்பட்டது.

நர்ஸ் நேரே ஒன்பதாம் அறைக்குப் போனாள். பெரியவர் கட்டிலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, அந்த சிரப்பைக் குடுங்க."

"எவன் சொன்னான்?"

"டாக்டர் சொன்னார். இப்பதான் போன்ல பேசினேன்."

பெரியவர் முகத்தில் சட்டென்று பணிவு வந்தது. தலையணைக்கடியில் துழாவி, பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"அவரே சொல்லிட்டாரா? அப்ப சரி. அவர் பேச்சைத் தட்ட முடியுமா?"

கட்டிலோரத்து போனுக்குப் பக்கத்தில், 'டாக்டர்' என்று போட்டுப் பெரியவர் பெயர் அச்சடித்த பழைய பிரிஸ்கிரிப்ஷன் சீட்டில், அவர் கையெழுத்திலேயே 6.2 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது.