டைகர் ஜாக்கும் கிட் கார்லோஸும்

"டைகர் ஜாக்கா? கிட் கார்லோஸ் முன்னால மூணு ரவுண்டுகூட நிக்க மாட்டான்" என்றார் ஆரோக்கியநாதன்.

மாப்பிள்ளை வில்லியம் காப்பியைக் கீழே வைத்தான். "மன்னிச்சுக்குங்க மாமா. அதை நான் ஒத்துக்க மாட்டேன்."

சம்பந்தம் பேச வந்திருந்த மாதா கோயில் உபதேசியார் பாக்கியநாதன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆரோக்கியநாதனின் முன்கோபம் அவர் அறிந்தது. அவர் மகள் டோரதிக்கு உபதேசியார் முன்பு கொண்டுவந்த இரண்டு வரன்களும் வந்த வழியே திரும்பிவிட்டன. வில்லியம் அக்கரையில் பிறை ஊர் ரயில்வேயில் கிளார்க், சாதுவான பையன் என்று சொல்லி, பெர்ரியில் ஏற்றிப் பினாங்குக்கு அழைத்து வந்திருந்தார். எல்லாம் பேசியாயிற்று, கல்யாணத் தேதி மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்துக் குத்துச்சண்டைப் பேச்சு வந்து தொலைத்தது.

ஜாக் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பு பினாங்கைக் கலக்கியவனாம். கார்லோஸ் இப்போது ஊரே கொண்டாடும் புது ஆளாம். இருவரும் மோதியிருந்தால் யார் ஜெயிப்பார் என்பதுதான் தகராறு. உபதேசியாருக்கு இரண்டு பேரையும் தெரியாது. அவர் அந்த மேடைப் பக்கமே போனதில்லை.

"ஜாக்குக்கு வலது கை ஒண்ணுதான் தம்பி. இடது கை சும்மா தொங்கும். கார்லோஸ் உள்ள புகுந்து விலாவுல ரெண்டு விட்டா ஆள் மடங்கிடுவான்."

"புகுந்தாத்தானே? கார்லோஸ் குத்துறதுக்கு முன்னால தோளை இறக்குவான். ஜாக் அண்ணன் கண்ணுக்கு அது தப்பாது. ஒரே குத்து. கார்லோஸ் மல்லாந்துடுவான்."

"நீ ஜாக்கைப் பார்த்திருக்கியா? பொறந்தே இருக்க மாட்டே லா."

"எங்கப்பா பார்த்திருக்காரு. புருவம் கிழிஞ்சு ரத்தம் ஊத்தியும் விடலியாமே."

"எதிரே நின்னவன் அவனைவிட மட்டம். அதான் தப்பிச்சான்."

வில்லியத்தின் முகம் சிவந்தது. "வேணாம் மாமா. அவரை மட்டமாப் பேசினா நான் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன்."

"மழை வர்ற மாதிரி இருக்கு" என்று உபதேசியார் குறுக்கே புகுந்தார். "நாம கிளம்புவோமா?"

"நீங்க சும்மா இருங்க" என்றார்கள் இருவரும்.

ஆரோக்கியநாதன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வில்லியமும் எழுந்தான். இருவரும் முஷ்டியை மடக்கிக்கொண்டு எதிரெதிரே நின்றார்கள். கதவோரம் டோரதி நிற்பதைப் பார்த்த உபதேசியார், பாவம் இந்தப் பெண் என்று கண்ணை மூடி மாதாவை வேண்டிக்கொண்டார்.

கேட்டதோ சிரிப்புச் சத்தம். கண்ணைத் திறந்தால் ஆரோக்கியநாதன் வில்லியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

"தேதி குறிங்க உபதேசியாரே. இவன்தான் என் மருமகன்."

உபதேசியாருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டோரதியிடம் போனார்.

"என்னம்மா இது? யாரோ ரெண்டு பேருக்காக இவங்க ஏன் இப்படி அடிச்சுக்கிட்டாங்க?"

டோரதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"யாரோ இல்ல அங்கிள். டைகர் ஜாக்னு மேடை ஏறினது எங்கப்பா. கிட் கார்லோஸ், நீங்க கூட்டிக்கிட்டு வந்த மாப்பிள்ளை."