மாப்பிள்ளை வண்டியின் பிரேக்

"ரேஸ் வண்டி மாதிரி இருக்கும்னு போட்டேம்பா" என்றான் அறிவழகன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில், வீட்டு வாசலில் அவன் பைக் நின்றிருந்தது. கடைத்தெருவுக்குப் போனவன் பாதியிலேயே தள்ளிக்கொண்டு திரும்பியிருந்தான். முன்சக்கரத்து பிரேக் டிஸ்க்கில், கம்பெனி விட்ட ஓட்டைகளுக்கு நடுவே அவனே டிரில்லிங் மெஷினை வைத்துப் போட்ட ஓட்டைகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மெல்லிய விரிசல் ஓடியிருந்தது.

"வேகமாப் போயிருந்தா என்னடா ஆயிருக்கும்?" என்றார் அப்பா பஞ்சநாதன்.

அவன் தலை குனிந்துகொண்டான். "அப்பா... ராஜ்கமல் மாமா வண்டிக்கும் போட்டிருக்கேன்."

"என்னது?"

"ஷோரூம்லேர்ந்து வந்து ரெண்டு நாள் நம்ம வீட்டுலதான நின்னுச்சு? குடுக்குறதை ஸ்டைலாக் குடுப்போமேன்னு..."

தலைதீபாவளிக்குப் பஞ்சநாதன் மாப்பிள்ளை ராஜ்கமலுக்குக் கொடுத்த வண்டி அது. மாப்பிள்ளை வீட்டார் கேட்கவில்லை. கேட்காமல் கொடுத்ததில்தான் அவருக்குப் பெருமை. மகள் கனிமொழியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மாப்பிள்ளை அதில்தான் சிதம்பரம் போனார்.

மாப்பிள்ளையின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. மகளைக் கூப்பிட்டார்.

"அவுரு புவனகிரிக்கு ஏசி மாட்டப் போயிருக்காருப்பா."

"எதுல?"

"நீங்க குடுத்த வண்டியிலதான். ஏம்பா?"

"போனை எடுத்தாருன்னா வண்டிய அங்கயே நிறுத்திட்டு பஸ்ஸுல வரச் சொல்லு. நீயும் அதுல ஏறாத. நான் நேர்ல வந்து பேசுறேன்."

"விஷயத்தை போன்லயே சொல்லிடலாமேப்பா" என்றான் அறிவழகன்.

"எப்படிடா சொல்றது? எம் பையன் உங்க பையனோட பிரேக்கை ஓட்டை போட்டுட்டான்னா? நம்ம வீட்டு ஆளுங்க யாரும் சம்பந்தி வீட்டு வாசல்ல கைகட்டி நின்னதில்ல. இன்னிக்கு நான் போய் நிக்கிறேன். உனக்கு சந்தோஷம்தான?"

சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே வந்த ஒவ்வொரு பைக்கையும் பார்த்துக்கொண்டே போனார். ஆலப்பாக்கம் தாண்டி ரோட்டோரத்தில் ஒரு கும்பல். எழுந்து எட்டிப் பார்த்தார். கிட்டே வந்ததும்தான் தெரிந்தது, இளநீர்க் கடை.

சம்பந்தியிடம் பேச வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். எல்லாம் வந்தது. 'மன்னிச்சிடுங்க' மட்டும் வரவில்லை.

சம்பந்தி வீட்டு வாசலில் அந்த வண்டி நின்றிருந்தது. உள்ளே மாப்பிள்ளை ராஜ்கமல் முழுசாக உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். பஞ்சநாதனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"சம்பந்தி, அந்த வண்டி விஷயமா..."

"வாங்க சம்பந்தி, வண்டி விஷயமா வர்றீங்கன்னு கனிமொழி சொன்னிச்சு." சம்பந்தி சுப்புராயன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்படியோ உங்க காதுக்கு வந்துடுச்சு. மனசுல எதுவும் வச்சுக்காதீங்க."

"எது என் காதுக்கு?"

"நீங்க ஆசையாக் குடுத்த வண்டி. வந்த மறுநாளே இந்த அறிவுகெட்டவன் பிரேக் டிஸ்க்குல கண்டபடி ஓட்டை போட்டு வச்சிருக்கான்! பாத்துட்டு நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். அன்னிக்கே புது டிஸ்க் மாட்டியாச்சு. டேய், என்ன பாத்துகிட்டு இருக்க? மாமாகிட்ட மன்னிப்பு கேளு."

ராஜ்கமல் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார். "தப்புதான் மாமா. மன்னிச்சிடுங்க."

பஞ்சநாதன் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். இவருக்கும் அதே கிறுக்கா? மகன் போட்ட ஓட்டைகள் மாப்பிள்ளை போட்ட ஓட்டைகளோடு கலந்து காணாமல் போயிருக்கின்றன. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, யாருக்கும் எதுவும் தெரியவுமில்லை. வழியெல்லாம் வளைத்துப் பழக்கிய முதுகு தானாக நிமிர்ந்தது.

"பரவால்ல மாப்பிள்ளை" என்றார் நாற்காலியில் சாய்ந்து. "ஆனா பிரேக்குல விளையாடலாமா? குடும்பஸ்தன் ஆயிட்டீங்க."

"சரிங்க மாமா."

"எங்க வீட்டுப் பொண்ணு அதுல உக்காந்து வருது. ஞாபகம் இருக்கணும்."

"இருக்குங்க மாமா."

சுப்புராயன் கூனிக் குறுகினார். கனிமொழி இலை போட்டாள். இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார் பஞ்சநாதன்.

ராஜ்கமலே அவரை அந்த வண்டியில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டார். கடலூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. படியில் கால் வைத்த பஞ்சநாதன் திரும்பி, "அந்த டிரில்லிங் மெஷினை இனிமே தொழிலுக்கு மட்டும் வச்சுக்குங்க மாப்பிள்ளை" என்றார்.

"சரிங்க மாமா." ராஜ்கமல் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒரு ஓட்டைகூடப் போடல மாமா. வண்டி உங்க வீட்டுலேர்ந்து வரும்போதே இருந்துச்சு. அப்பா கண்ணுல பட்டுடுச்சு, உங்களைப் பத்தி ஒரு வார்த்தை வந்துடக் கூடாதுன்னு நான்தான் போட்டேன்னு சொல்லிட்டேன். மச்சான் அவன் வண்டியிலயும் போட்டிருந்தான்னா, திட்டாம கொள்ளாம மொதல்ல அதை மாத்தச் சொல்லுங்க."