பூக்காத ஐரிஸ்

அடி அண்ணாமலை கிராமத்து நர்சரியில், மழைக்குப் பெயர்ச்சீட்டுகள் கரைந்துபோய் ஐரிஸ் செடிகளெல்லாம் கலந்து கிடந்தன. தன் கபே வாசலில் ஒருபக்கம் நீலப்பூவும் மறுபக்கம் ஊதாப்பூவும் வேண்டுமென்று வந்த அருணாதேவிக்கு எரிச்சல்.

நர்சரிக்காரர் வளவன் இலைகளைத் தடவித் தடவிப் பிரித்துக் கொடுத்தார்.

"பூக்காமலே எப்படிங்க சொல்றீங்க? மாறிப்போச்சுன்னா அத்தனையும் திருப்பிக் கொண்டாந்துடுவேன்."

"நடு நரம்பு தடிச்சிருந்தா ஊதா. தைரியமா நட்டு வைங்க."

பூத்தபோது ஒன்றுகூட மாறிப்போகவில்லை. அசந்துபோன அருணாதேவி, ஒரு பூவைப் பறித்துக்கொண்டு அவரிடமே ஓடினாள்.

வளவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இலையில்லாம கொண்டாந்துட்டீங்களே! இது நீலமா, ஊதாவா?"

"பார்த்தா தெரியலையா?"

வளவன் சிரித்தார். "பொறந்ததுலேர்ந்து எனக்கு ரெண்டும் ஒரே கலர்தாங்க. அதனாலதானே இலையைப் படிச்சேன்!"