வாசலில் ஒரு பனிச்சுவர்

பனி அகற்றும் லாரியால் சாலையில் வழித்த பனியை ஆர்லீஸ் மூன்றாம் முறையும் அதே வீட்டு வாசலில் குவித்தாள்.

கவுண்டி என்னும் மாவட்ட நிர்வாகத்தின் அலுவலகத்திலிருந்து நார்மா ரேடியோவில் அழைத்தாள். "அந்த ஆளு மறுபடியும் போன் பண்றாருடி. காரை வெளிய எடுக்க முடியலையாம்."

"எனக்கு விருதுன்னதும் 'பனி தள்றதுக்கெல்லாமா கவுண்டி விருது குடுக்குது'ன்னு சிரிச்சானே! இப்ப அவனே தள்ளிப் பாக்கட்டும்."

"வாசலை நீயே சுத்தம் பண்ணித் தரணுமாம்."

"கவுண்டி லாரி தனியார் வாசலுக்குள்ள போகக் கூடாது. அதான் விதின்னு சொல்லு."

"சொல்லிடறேன். விருது விழாவுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு. உன் புது கவுன் எங்க?"

ஆர்லீஸ் சட்டென்று லாரியை நிறுத்தினாள். கவுன் அந்த வீட்டுக்குள்தான் இருந்தது.

பனிச்சுவருக்கு அப்பால் நின்ற அவள் கணவன் மண்வெட்டியை நீட்டினான்.

"கவுண்டி லாரி உள்ள வரக் கூடாதாமே?"