உள் தாழ்ப்பாள்

வலப்பக்கம் பக்கவாதம் வந்த இந்த ஏழு மாதத்தில் நான் குளியலறையைத் தாழிட்டதே இல்லை. விழுந்துவிட்டால் உள்ளே வர வேண்டுமே என்று கதவைச் சற்றே திறந்து வைத்து, என் கணவர் வெளியே முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருப்பார். அவர் பார்க்கவில்லை என்று நான் நம்புவதற்காகச் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். அந்த அன்புக்கு நன்றியோடு இருந்து இருந்து எனக்கு அலுத்துவிட்டது.

பிசியோதெரபி செய்ய வரும் பியூலாவிடம் மட்டும் இதைச் சொன்னேன். மறுநாள் அவள் ஒரு பலகையில் தாழ்ப்பாளைப் பொருத்திக் கொண்டுவந்தாள். என் இடது கையில் தடித்த உறையை மாட்டிக் கட்டினாள்.

"இந்த இடது கை இருக்காளே, இவ கெட்டிக்காரி அக்கா. விட்டா எல்லாத்தையும் இவளே செஞ்சிருவா. அப்புறம் வலது எப்ப கத்துக்கிறது?"

தினமும் நூறு முறை. முதல் மாதம் வலது கை அந்தப் பலகைமேல் யாருடையதோ போலக் கிடந்தது. நேற்றுதான் தாழ் அரை அங்குலம் நகர்ந்தது.

இன்று காலை அவர் மழை நிலவரம் படித்துக்கொண்டிருந்தார். கதவைத் தோளால் சாத்தி, வலது கையைத் தூக்கித் தாழில் வைத்தேன். விரல்கள் வழுக்கின. மறுபடி வைத்துத் தள்ளினேன். தாழ் டக்கென்று விழுந்தது.

வெளியே படிப்பு நின்றது.

"சியாமளா, தாப்பா போட்டியா?"

"ஆமா."

"உறையைக் கழட்டிட்டியா?"

"இல்லையே."

நாற்காலி நகர்ந்தது. "அப்ப எந்தக் கையால..." அவர் குரல் உடைந்தது. "திறடி, நான் பார்க்கணும்."

"குளிச்சிட்டு வரேன்," என்றேன். "நீங்க பேப்பரை மனசுக்குள்ளயே படிங்க."