பெரம்பூர்ப் பெண்

கெட்டிலுக்குக் கம்பளிக் குல்லாய் போட்டிருந்தார்கள்.

வெளியே ராயபுரத்தில் மே மாத வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு, குளிர்கிறவர்கள் போர்த்திக்கொள்ள ஒரு கூடை நிறைய சால்வை வைத்திருந்தார்கள். முதலில் ஆளை நடுங்க வைப்பது, பிறகு சூடாக எதையாவது விற்பது. கெட்டிக்கார வியாபாரம் என்று ரமாபாய் நினைத்துக்கொண்டாள்.

தேநீர் அறையாக மாற்றிய பழைய சரக்குக் கிடங்கு அது. பூச்சை வேண்டுமென்றே சுரண்டிச் செங்கல்லைக் காட்டியிருந்தார்கள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அவள் வீட்டுச் சுவரிலும் செங்கல் தெரிகிறது. அதை மறைக்க அண்ணன் மூன்று காலண்டர் மாட்டியிருக்கிறான்.

"சுவரு சூப்பரா இருக்குல்ல?" என்றான் ஜெபின்.

"எங்க வூட்டாண்ட வா. ஓசிலயே பாக்கலாம்."

"மெதுவாப் பேசு ரமா."

உட்கார்ந்ததிலிருந்து இது மூன்றாவது தடவை. இருவருக்கும் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் வேலை. டிரெய்லர்களின் ஹாரனுக்கு மேலே அவள் டிரைவர்களைக் கூப்பிடுவதைக் கேட்டுத்தான் மயங்கினேன் என்று சொன்னவன் இவன்.

அது இரண்டு வருஷத்துக்கு முன்னால். அன்றிலிருந்து வீட்டில் சொல்கிறேன், சொல்கிறேன் என்கிறான். அம்மாவுக்குப் பிரஷர். கிறிஸ்துமஸ் போகட்டும். தங்கை கல்யாணம் முடியட்டும். ஈஸ்டர் வருகிறது.

போன வாரம் அவள் கெடு வைத்தாள். இந்தச் சனிக்கிழமைக்குள் வீட்டில் சொல், இல்லாவிட்டால் இதோடு சரி.

பதிலுக்கு வந்ததுதான் இந்தத் தேநீர் அறை. 'நல்ல சேதி இருக்கு, அந்தப் பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கிட்டு வா' என்று மெசேஜ் அனுப்பியிருந்தான்.

பரிமாறுகிறவர் ஒரு சின்ன மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தார். மணல் முழுக்க இறங்கும்வரை கெட்டிலைத் தொடக் கூடாதாம். பக்கத்தில் ஒரு அட்டை. 'மழைக்குப் பின் எழும் மண்ணின் மணம் கொண்ட தேநீர்' என்று அதில் அச்சடித்திருந்தது. எழுதியவனை ஒரு மழைநாளில் தன் தெருவுக்குக் கூட்டிப்போய் மூச்சை நன்றாக இழுக்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மணல் இறங்கிக்கொண்டிருக்கும்போதுதான் அவள் மூலை மேசையைப் பார்த்தாள்.

பட்டுச் சேலையில் இரண்டு பெண்கள். மடியில் இருந்த கைப்பைகளை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்கள். தேநீரைத் தொடவில்லை. அவள் திரும்பியதும் இரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

மூத்தவளை அவளுக்குத் தெரியும். ஜெபினின் போனில் படமாகப் பார்த்த முகம். தேவப்பிரியம், அவன் அம்மா.

பெண் பார்க்கிறார்கள்.

அவள் தெருவிலும் இது உண்டு. காய்கறிக் கடையிலோ பஸ் ஸ்டாப்பிலோ தள்ளி நின்று பார்த்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் யாருக்கும் சங்கடமில்லாமல் போய்விடலாம். ஆனால் அது முன்பின் தெரியாத வீட்டுப் பெண்ணுக்கு. இரண்டு வருஷம் பழகியவளை ஒரு வார்த்தை சொல்லாமல் அப்படி உட்கார்த்தி வைக்க இவனால்தான் முடியும்.

ரமாபாய் கன்டெய்னர் யார்டுக் குரலை எடுத்தாள்.

"இன்னா ஜெபின், டீத்தூளு இன்னும் தூங்கிகினு கீதா?"

மூலையில் இளையவள் திடுக்கிட்டாள். ஜெபின் காதுவரை சிவந்தான். தேவப்பிரியம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நேராக இவர்கள் மேசைக்கு வந்தாள்.

"எம்மா, ஒனக்கு வீடு எங்க?"

"பெரம்பூரும்மா. அன்னைக்கே சொன்னேன்ல?" என்றான் ஜெபின், ரமாபாய் வாய் திறப்பதற்குள்.

பெரம்பூருக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே ஒரு ரயில் பாதைதான். அதைத் தாண்டி இந்தப் பக்கம் வர அவன் வாய்க்குத் தைரியமில்லை.

"வியாசர்பாடி. ஹவுசிங் போர்டு" என்றாள் ரமாபாய்.

சொல்லிவிட்டு அந்த முகத்தையே பார்த்தாள். விலாசம் கேட்டதும் முகங்கள் ஒரு நொடி சுருங்கிப் பிறகு சிரிக்கும். எத்தனையோ இன்டர்வியூக்களில் பார்த்துப் பழகியிருந்தாள்.

தேவப்பிரியத்தின் முகம் சுருங்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

"தெரியும் பிள்ள. ரெண்டாவது மாடி. கீழ கட வச்சிருக்கிற முப்பிடாதிக்கு அரிசியும் பருப்பும் நம்ம மண்டிலேர்ந்துதான் போவுது. ரெண்டு வருசமா உங்க கதைய லோடு எடுக்க வரும்போதெல்லாம் அவன் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கான்."

ஜெபின் மண்டிக்காரர் மகன். எந்தத் தெருக் கடைக்கு எத்தனை மூட்டை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். பொய்க்கு ஊர் தேடியபோது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

"இவன் எப்பம் வாயத் தொறப்பான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். போன வாரந்தான் தொறந்தான். தொறந்ததும் பெரம்பூர்ங்கான். நான் இன்னைக்கு ஒன்னப் பாக்க வரல. ஒம் மொகத்துக்கு முன்னாலயும் அதத்தான் சொல்லுதானான்னு பாக்க வந்தேன்."

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"எனக்குப் பிடிச்சிருக்கான்னு இன்னும் தெரியல. பேசித்தான பாக்கணும்? நாளைக்கு சர்ச் முடிஞ்சதும் உங்க வீட்டுக்கு வாரோம். அம்மாட்ட சொல்லிரு."

ரமாபாய் ஜெபினைத் திரும்பிப் பார்த்தாள். அவன் இவளைப் பார்க்கவில்லை. இப்போது சந்தோஷப்படலாமா கூடாதா என்று தன் அம்மாவின் முகத்தில் தேடிக்கொண்டிருந்தான்.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க வாங்கம்மா. இவன மட்டும் இட்டுகினு வராதீங்க."